கட்டவிழ்க்காத வைத்தியம்

உப்புத் தண்ணீருக்குள் இறங்கிய கால் எரியாமலிருந்தால் அவன் புண்ணியம் செய்தவன். பழனியாண்டி அப்படித்தான் நினைத்தான். வலது பாதத்தில் புண் இருந்தது. புண்ணின் மேல் சீலைத் துண்டு, சீலையின் மேல் இறுக்கிக் கட்டிய பழைய சைக்கிள் ரியூப். அந்தக் கோலத்தோடு விடியற்காலையிலிருந்து பாத்திக்குள் நின்று பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தான். கொஞ்சங்கூட எரிச்சல் இல்லை.

“என்ன பழனி, இண்டைக்கு நொண்டாமல் நடக்கிறாய்?” அடுத்த பாத்தியிலிருந்து அப்புத்துரை கேட்டான்.

“நோவு போயிருச்சு.”

“நான் சொன்னனான் தானே! மாஸ்டரின்ர கை அப்பிடி.”

“கடுகு மாதிரி நாலு சீனி உருண்ட. நாக்குல வச்சதும் கரைஞ்சிருச்சு. இவ்வளவுதானா மாஸ்டர்னு கேட்டேன். இவ்வளவுதான், இனிப் பொறுத்திருன்னுட்டாரு.”

“எனக்கும் மூச்சிழுப்புக்கு ஒரே ஒரு தரந்தான் தந்தவர். பிறகு கோப்பி குடியாதை எண்டு சொல்லிப்போட்டார். என்ர மனிசி கோப்பி ஊத்தினால் மணம் பிடிக்காமல் நான் எழும்பி ரோட்டுக்குப் போயிருவன்.”

“இழுப்பு போயிருச்சா?”

“மழைக்கு வரும்.” அப்புத்துரை பலகையில் சாய்ந்துகொண்டு சிரித்தான். “ஆனா முந்தி வாற மாதிரி இல்லை. இப்ப கொஞ்சம் மரியாதையா வருது.”

ஆனையிறவுக்கு இந்தப் பக்கம், கரையோரமாகத் தனியார் ஒருவர் போட்ட சின்ன உப்பளம் அது. வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், உப்பிலே பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும். கண்ணுக்கு மேல் தொப்பியை இழுத்துவிடலாம்; காலுக்கு ஒன்றும் செய்ய முடியாது. கை தளர்ந்தவனுக்கு மூட்டை தைக்கிற வேலையாவது கிடைக்கும். தண்ணீரில் நிற்க முடியாதவனை மேற்பார்வைக்காரர் நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார். பழனியாண்டியின் தகப்பன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தவர். காடு வெட்டினார்கள், கல் உடைத்தார்கள், மற்றவர்களுடைய வயலில் நாற்று நட்டார்கள். பழனியாண்டிக்கு இன்றைக்கும் தன் பேரில் வயல் இல்லை. இரண்டு கால் இருந்தது. அதை வைத்துத்தான் அவனும் மனைவி தங்கம்மாவும் சோறு தின்றார்கள்.

அந்தக் காலில் புண் வந்து ஆறாமல் கிடந்தபோதுதான் அப்புத்துரை அவனை முரசுமோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

நடராசா மாஸ்டர் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து வயலெடுத்த குடும்பம். ஓய்வுக்குப் பிறகு ஹோமியோபதியைக் கரைத்துக் குடித்தார். யாரிடமும் காசு வாங்கமாட்டார். விறாந்தைச் சுவரில் வழுக்கைத் தலையோடு ஒரு வெள்ளைக்காரரின் படம். இந்த வைத்தியத்தைத் தொடக்கிய ஜெர்மன்காரராம்.

பழனியாண்டி வழமைபோல நிலத்தில் குந்தப் போனான்.

“கதிரையிலை இரும்,” என்றார் மாஸ்டர். “அவசரமில்லை. ஒவ்வொண்டாக் கேக்கிறன்.”

கேட்டார், கேட்டார், வெயில் முற்றத்தைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போகும்வரை கேட்டார். தாகம் எப்படி, தண்ணீரை மிடறு மிடறாகக் குடிக்கிறனீரோ, செம்போடு கவிழ்க்கிறனீரோ? படுத்தால் எந்தப் பக்கம்? வெயில் ஒத்துக்கொள்ளுமோ? இனிப்பு விருப்பமோ, உப்பு விருப்பமோ?

“உப்பா? நான் உப்புக்குள்ளதான மாஸ்டர் கெடக்கேன்,” என்று பழனியாண்டி சிரித்தான்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. “அழுகை வந்தால் ஆக்களுக்கு முன்னாலை அழுவீரோ, தனியப் போயோ?”

“அழுவுறதில்லீங்க.”

“ஆர் செத்தது?”

அந்தக் கேள்விக்கு அவன் தயாராக இருக்கவில்லை. “மகன்,” என்றான்.

“பேர் என்ன?”

சண்டை முடிந்தபின் எத்தனையோ பேர் வந்து விவரம் எடுத்தார்கள். எத்தனை பேர் செத்தது, எந்த இடம், எந்த மாசம் என்று கேட்டார்கள். அவர்கள் பெயரை எழுதத்தான் செய்தார்கள். கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தவர் ஒருவருமில்லை. “யதுர்ஷன்,” என்றான். பிறகு தானாகவே சொன்னான். உடையார்கட்டில் பங்கருக்குள் இருந்தார்கள். ஷெல் ஓய்ந்தது என்று நினைத்துப் பையன் தண்ணீர் எடுக்க ஏறினான். புதைக்கும்போது அழ நேரமில்லை. பொழுது சாய்வதற்குள் அடுத்த இடத்துக்கு நடக்க வேண்டியிருந்தது. மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். “அன்னைக்கி நடந்ததுதான் மாஸ்டர். இன்னும் நின்ன மாதிரி இல்ல.”

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. அது வேஷமில்லை என்று பழனியாண்டிக்குத் தெரிந்தது.

“உம்மடை வருத்தம் காலிலை இல்லை, பழனியாண்டி. இஞ்சை.” தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “உள்ளை கிடந்து அழுகினது காலாலை வெளிக்கிடப் பாக்குது. கால் வெறும் வாசல். மருந்தெண்ணெய் பூசி வாசலை அடைச்சால் அது திரும்ப உள்ளை போயிரும். வருத்தம் மேலையிருந்து கீழை இறங்கோணும், உள்ளையிருந்து வெளியாலை போகோணும். அதுதான் சுகப்படுற வழி. இடையிலை கொஞ்சம் கூடும். கூடினால் மருந்து பிடிக்குது எண்டு அர்த்தம்.”

கட்டை அவிழ்க்கச் சொல்லவில்லை. காலை அவர் பார்க்கவேயில்லை. தன்னைப் பார்த்தவர் காலையும் பார்த்தமாதிரித்தான் என்று பழனியாண்டிக்குத் தோன்றியது.

“என்னா மருந்துங்க?”

“உப்பு.”

“உப்பா?”

“நீர் வாருற அதே உப்புத்தான். கரைச்சு, குலுக்கி, திரும்பக் கரைச்சு, திரும்பக் குலுக்கி, கடைசியிலை உப்பே இல்லையெண்ட அளவுக்குக் கொண்டுவந்தது. குறையக் குறையத்தான் இதுக்குப் பலம்.”

குறையக் குறையப் பலம் கூடுவதைப் பழனியாண்டி தான் செய்த எந்த வேலையிலும் கண்டதில்லை. ஆனாலும் நாக்கை நீட்டினான்.

“இனிக் கோப்பி வேண்டாம். கற்பூரம் கிட்ட வேண்டாம். வேறை மருந்து ஒண்டும் கூடாது.”

“கிளினிக்குல சீனி வருத்தத்துக்குக் குளிசை தர்றாங்க. அதப் போடுறேனே?”

“நிப்பாட்டும். ஒரு உடம்பிலை ஒரு நேரத்திலை ஒரு மருந்துதான் வேலை செய்யும். ரெண்டு மாட்டை ரெண்டு பக்கம் பூட்டி ஆரும் உழுவினமோ? எனக்கு வாக்குத் தாரும்.”

பழனியாண்டி வாக்குக் கொடுத்தான். மகனுடைய பெயரைச் சொன்ன வாயால் கொடுத்த வாக்கு.

தங்கம்மாவுக்கு இது தொடக்கத்திலேயே பிடிக்கவில்லை. “சாமிக்குச் சூடம் காட்டக்கூடாதுன்னா என்னா வைத்தியம் அது?” என்று கேட்டாள். பிறகு வெள்ளிக்கிழமைகளில் வேலிக்கு வெளியே போய், காற்று வீட்டுப் பக்கம் வீசாத நேரம் பார்த்துக் கொளுத்திவிட்டு வந்தாள். நீரிழிவுக் குளிசை மட்டையை எறியவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தாள். எரிச்சல் குறைந்தது என்று அவன் சொன்னபோது சும்மா இருந்தாள். மனுசன் இரவில் அவளோடு மகனைப் பற்றி இரண்டு வார்த்தை பேசத் தொடங்கியிருந்தான். அதற்காகவும் சும்மா இருந்தாள்.

நொண்டாமல் நடந்த அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்து உள்ளே போனான். சீமெந்து நிலத்தில் கதவடியிலிருந்து குசினிவரை சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது.

“நில்லுங்க,” என்றாள் தங்கம்மா. “அசையாதீங்க. அந்தக் காலத் தூக்குங்க.”

சுவரைப் பிடித்துக்கொண்டு தூக்கினான். ரியூப்பையும் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் விளாத்தி முள்ளொன்று ஏறியிருந்தது. அவள் அதைப் பிடித்து இழுத்தாள். வர மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். வந்தது, அவளுடைய சின்னவிரல் நீளத்துக்கு வந்தது. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கூரையில் போன பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வலிக்கலயா?”

“என்னா?”

முள்ளைக் காட்டினாள். “இதோட பஸ் நிக்கிற எடத்துலருந்து நடந்து வந்திருக்கீங்க.”

அவன் முள்ளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். யாருடையதோ முள் போல இருந்தது.

தங்கம்மா கேட்காமலே கட்டை அவிழ்த்தாள். கடைசிச் சுற்றுச் சீலை தோலோடு ஒட்டி வந்தது. வாடை எழும்பியது. கடைசி இரண்டு விரலும் நாவற்பழ நிறத்தில் இருந்தன. அவற்றுக்கு மேலே பாதம் வீங்கிப் பளபளத்தது.

“தோட்டத்துல அட்டை கடிச்சாக்கூட எங்காத்தா குதிப்பா,” என்றாள். “முள்ளு குத்தித் தெரியாத காலு, அது காலா, வெறகுக் கட்டயா? நோவு போயிருச்சுன்னு சந்தோசப்பட்டீங்களே.”

“மாஸ்டர் சொன்னாரு, கூடித்தான் கொறையும்னு. வெளிய வருது பாரு, உள்ள கெடந்தது.”

“ஆஸ்பத்திரிக்கு வாங்க.”

“வாக்குக் குடுத்திருக்கேன் தங்கம்மா. நடுவுல வேற மருந்து போட்டா எல்லாம் முறிஞ்சிரும்.”

எல்லாம் என்று அவன் எதைச் சொன்னான் என்பது அவளுக்கு விளங்கியது. இரவில் பேசிய அந்த இரண்டு வார்த்தையும் அதற்குள் இருந்தது. அவள் வேறு சீலை எடுத்து வந்து காலைக் கட்டினாள். “சரி, ஆஸ்பத்திரி வேணாம். பரந்தன் சந்தியில பிரசாந்தன்னு ஒருத்தர் இருக்காரு. அவரும் இதே மருந்துக்காரருதான். அவருட்டக் காட்டுவோம். அதுல ஒங்க வாக்கு ஒண்ணும் ஒடையாது.”

பிரசாந்தன் கொழும்பில் படித்துப் பட்டயம் வாங்கியவர். வயது நாற்பதுக்குள். கண்ணாடி அலுமாரி நிறையக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் சொட்டு விடுகிற குழாய். அவருடைய சுவரிலும் அதே வழுக்கைத் தலை ஜெர்மன்காரர் இருந்தார். பழனியாண்டிக்கு அது ஒரு ஆறுதலாக இருந்தது. ஒரே சாமி, பூசாரிதான் வேறு.

பிரசாந்தன் எதையும் கேட்கவில்லை. ஆள் வாசலால் வரும்போதே அவருடைய கண் காலுக்குப் போய்விட்டது. குனிந்து தானே கட்டை அவிழ்த்தார். மூக்கைச் சுளித்தார்.

“கண்ணை மூடுங்கோ அண்ணை. நான் ஊசியாலை குத்துவன். குத்துற நேரம் சொல்லுங்கோ.”

பழனியாண்டி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். வெளியே லொறி ஒன்று போனது. பக்கத்துக் கடையில் யாரோ தேங்காய் உரித்தார்கள். “இன்னும் குத்தலீங்களா?” என்று கேட்டான்.

கண்ணைத் திறந்தான். தங்கம்மா சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றாள். பாதத்தில் நாலைந்து இடத்தில் இரத்தம் முத்துப் போட்டிருந்தது.

பிரசாந்தன் அவனுடைய கைவிரலில் ஒரு சொட்டு எடுத்துச் சின்ன மெசினில் வைத்தார். “மெசினாலை அளக்கேலாத அளவுக்குச் சீனி கிடக்கு. குளிசை போடுறனீங்களோ?”

“மாஸ்டர் நிப்பாட்டச் சொன்னாரு.”

“எந்த மாஸ்டர்?”

சொன்னான். பிரசாந்தனின் கை பழக்கத்தில் அலுமாரிக்குப் போய் மூன்று குப்பியை எடுத்து மேசையில் வைத்தது. அவற்றைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்தார்.

“நாலு மருந்தைக் கலந்து குடுத்தால் ஒண்டாவது பிடிக்கும், அதுதான் என்ர வைத்தியம். ஒளிக்க ஒண்டுமில்லை. ஆனா உதுக்கு நாப்பது கலந்தாலும் பிடியாது. செத்த சதைக்கு எங்களிட்டை மருந்தில்லை அண்ணை. ஆஸ்பத்திரி. இண்டைக்கே.”

“மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வரமாட்டேங்க.”

“உந்த விரதக்காரரிட்டையோ? ஒருக்காக் குடுத்துப்போட்டு மூண்டு மாசம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற வைத்தியம்! என்னைக் கலவன்கறிக்காரன் எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறார், தெரியுமோ?” அவர் எழுந்து கதவை இழுத்துப் பூட்டினார். “வாங்கோ, கேட்டுப்போட்டே போவம். நானும் கேக்கோணும்.”

ஓட்டோவில் மூவரும் நெருக்கிக்கொண்டு போனார்கள். பிரசாந்தனுக்கு அவசரம் இருந்தது. அந்த அவசரத்துக்குள் ஒரு சந்தோசமும் இருந்தது. பழனியாண்டி அதைக் கண்டான். மாஸ்டரை அடிக்க அவருக்கு ஒரு தடி கிடைத்திருக்கிறது, அந்தத் தடி தன்னுடைய கால் என்று அவனுக்கு விளங்கியது. ஆனாலும் இந்த மனுசன்தான் காலைத் தொட்டுப் பார்த்தவன். யாரை நம்புவதென்று தெரியாமல் வெளியே வாய்க்காலில் ஓடிய இரணைமடுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போனான்.

நடராசா மாஸ்டர் விறாந்தையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். “வாரும், பழனியாண்டி. எப்பிடி மனம்?” என்று முகம் மலர்ந்தவர், பின்னால் வந்தவரைக் கண்டதும் பத்திரிகையை மடித்தார். “ஓகோ. நீங்களும் வந்திருக்கிறியள்.”

“மனம் கிடக்கட்டும் மாஸ்டர். காலைப் பாத்தனீங்களோ?”

“நான் காலுக்கு வைத்தியம் பாக்கிறேல்லை. ஆளுக்குப் பாக்கிறன்.”

“ஆளின்ர கீழ்ப்பக்கத்திலை கால் எண்டு ஒண்டு இருக்கு. அது அழுகுது.”

“வெளிய வருது,” என்றார் மாஸ்டர். குரல் வகுப்பறைக் குரலாகிவிட்டது. “நெஞ்சிலையிருந்து காலுக்கு இறங்கியிருக்கு. நித்திரை வருதோ, பழனியாண்டி? பிள்ளையைப் பற்றிக் கதைக்கேலுமா இருக்கோ?”

“ஓம் மாஸ்டர். அது உண்மைதான்.”

“பாத்தீரோ! உள்ளுக்குச் சுகம் வந்திட்டுது. காலிலை நோவு?”

“இல்லீங்க.”

“நோவு இல்லாதது நரம்பு செத்ததாலை!” பிரசாந்தன் சத்தம் போட்டார். “சீழ் வடியிறது வேறை, சதை சாகிறது வேறை. ரெண்டையும் ஒண்டெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? அந்தப் படத்திலை இருக்கிற மனுசன்கூடச் சொல்லியிருக்கமாட்டார்.”

“அவரைப் பற்றிக் கதைக்க உமக்கு என்ன தகுதி? ஒரு குப்பியிலை ஆறு மருந்தை ஊத்தி விக்கிற நீர்—”

“விக்கிறன்தான். ஆனா ஆரின்ர குளிசையையும் நிப்பாட்டேல்லை.”

“அதுதான் உம்மடை நோயாளியள் ஒருக்காலும் சுகப்படாமல் உம்மட்டையே வருகினம்.”

இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருவர் மருந்தைக் கலப்பது பாவம் என்றார், மற்றவர் பொறுத்திருப்பது கொலை என்றார். அவர்கள் மோதுவதற்கு நடுவில் பழனியாண்டி கதிரையில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய காலைச் சுற்றி இலையான் மொய்க்கத் தொடங்கியிருந்தது. தங்கம்மா குனிந்து சேலைத் தலைப்பால் விசிறினாள்.

குசினியிலிருந்து மாஸ்டரின் மனைவி கமலாசனி வந்தார். அகப்பை கையில் இருந்தது. “என்ன மணம் இது?” என்றார். பிறகு காலைக் கண்டார். கிட்ட வந்து குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இஞ்சை பாருங்கோ, இந்தக் காலை நீங்கள் பாத்தனீங்களோ இல்லையோ?”

“நீர் உள்ளை போம், கமலா.”

“போறன். ஒண்டைச் சொல்லிப்போட்டுப் போறன். எனக்குப் பிரஷர் கூடித் தலை சுத்தி விழுந்தபோது இந்த உருண்டையைத் தந்துபோட்டுப் பொறு எண்டு ஏன் சொல்லேல்லை? மாசாமாசம் நீங்கள் தானே மோட்டர்சைக்கிளிலை ஏத்திக்கொண்டு கிளினிக்குக்குப் போறியள்? ஒரு நாள் குளிசை பிந்தினாலும் என்னிலை பாயிறியள்?”

“அது வேறை.”

“என்ன வேறை? நான் உங்கட மனிசி. அவ்வளவுதான் வேறை.”

மாஸ்டர் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார், பிறகு பத்திரிகையைப் பார்த்தார். கடைசியில் அவருடைய பார்வை பழனியாண்டியின் பாதத்தில் இறங்கி அங்கேயே நின்றது. முகம் சாம்பல் பூத்தது.

பழனியாண்டிக்குக் கோபம் வரவில்லை. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினான்.

“மாஸ்டர், நான் குடுத்த வாக்கத் திருப்பி எடுத்துக்கிறேன்.”

நடராசா மாஸ்டர் தலையாட்டினார். “போங்கோ,” என்றார். “கெதியாப் போங்கோ.” இதுநாள்வரை அவனைப் ‘போம்’ என்றே சொல்லி வந்தவர்.

ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை டொக்டர் சின்ன வயதுக்காரர். போர்வையைத் தூக்கிப் பார்த்தார், முழங்கால்வரை அழுத்திப் பார்த்தார். “முதலே வந்திருந்தா ரெண்டு விரலோடை நிண்டிருக்கும்,” என்றார். “இப்ப முழங்காலுக்குக் கீழை எடுக்கோணும் ஐயா. வைச்சிருந்தா ஆள் தப்பாது.” அவர் சொன்ன விதத்தில் கொடுமையும் இல்லை, இரக்கமும் இல்லை. அடுத்த கட்டிலிலும் ஒரு கால் காத்திருந்தது.

வெளியே நடையில் மாஸ்டரும் பிரசாந்தனும் நின்றார்கள். மாஸ்டர் மோட்டர்சைக்கிளில் பின்னாலேயே வந்திருந்தார். தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போன தங்கம்மா திரும்பி வரும்போது அவர்களுடைய குரல் மாடிப்படிவரை கேட்டது. எந்த மருந்து எந்த வீரியத்தில் கொடுத்திருக்க வேண்டும் என்று ஒருவர், எந்த மருந்துமே கொடுத்திருக்கக் கூடாது என்று மற்றவர். இப்போது சத்தம் தணிந்திருந்தது, ஆனால் நின்றபாடில்லை.

தங்கம்மா இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். வாழ்க்கையில் படித்தவர்களை எதிர்த்து அவள் பேசியதில்லை.

“ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்கய்யா. எங்களுக்குப் போறது காலு. ஒங்களுக்குப் போறது வெறும் பேச்சு, இன்னைக்கி விட்டா நாளைக்கிப் பேசிக்கலாம்.”

அவர்கள் போனார்கள். ஒருவர் ஒரு படியாலும் மற்றவர் மற்றப் படியாலும் இறங்கினார்கள்.

கால் எடுத்த பிறகு பிரசாந்தன் வார்டுக்கு வரவில்லை. பரந்தன் சந்தியில் தான்தான் அந்த மனுசனைக் காப்பாற்றியதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வதாக அப்புத்துரை வந்து சொன்னான். “பொய்யில்லையே, சொல்லட்டும்,” என்றான் பழனியாண்டி. அப்புத்துரை கட்டில் ஓரத்தில் இருந்து அழுதான். “நானல்லோ உன்னைக் கூட்டிக்கொண்டு போனனான்,” என்று சொல்லிச் சொல்லி அழுதான். அழுததில் அவனுக்கு இழுப்பு வந்து, நேர்ஸ் வந்து அவனைக் கதிரையில் இருத்தி மூக்கில் மருந்துப் புகை பிடித்துவிட்டாள்.

மாஸ்டர் வந்தார். கட்டில் பக்கம் ஸ்டூலில் இருந்தார். போர்வை ஒரு பக்கம் உயர்ந்தும் மற்றப் பக்கம் தட்டையாகவும் கிடந்தது; அவர் தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒங்க மேல கோவமான்னு கேட்டா எனக்கே தெரியல மாஸ்டர்,” என்றான் பழனியாண்டி. “ராவுல காலு இருக்குற மாதிரியே அரிக்குது. அப்ப ஒங்களத் திட்டுறேன். வாயில வர்றதெல்லாம் திட்டுறேன். ஆனா எம் மொகத்தப் பாத்து மகன் பேரக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்.”

“கேட்டனான்,” என்றார் மாஸ்டர். “பேரைக் கேட்டனான். காலைக் கேக்கேல்லை.”

“நானுந்தான் பாக்கல. எங்காலுதான அது.”

எழும்பும்போது மாஸ்டரின் கை கட்டில் கம்பியைத் தேடிப் பிடித்தது. விறாந்தையில் அவர் மருந்து கொடுப்பதை விட்டுவிட்டார் என்று பிறகு சிலர் சொன்னார்கள். விடவில்லை, வருகிறவர்களைக் கிளினிக்குக்குப் போய் வந்தீரோ என்று முதலில் கேட்கிறார் என்று வேறு சிலர் சொன்னார்கள். பழனியாண்டி விசாரித்து அறியவில்லை.

மாரி போய் வெயில் காலம் திரும்பியபோது பழனியாண்டி ஊன்றுகோலில் முற்றம்வரை நடந்தான். செயற்கைக் கால் வரும் என்று சொல்லியிருந்தார்கள். வந்தாலும் அது உப்புத் தண்ணீருக்கு ஆகாது. மேற்பார்வைக்காரரிடம் அப்புத்துரை போய்க் கதைத்தான். அவனுடைய வேலை தங்கம்மாவுக்குக் கிடைத்தது. முதல்நாள் விடிய, வெறுங்காலோடு அவள் வேலையாட்களை ஏற்றும் வானைப் பிடிக்க ஓடியதைப் பழனியாண்டி வாசலில் நின்று பார்த்தான். பாதத்தைச் சுற்ற அவளுக்கு ரியூப் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. அப்புத்துரையிடம் சொல்லி முழங்கால்வரை வருகிற ரப்பர் சப்பாத்து எடுப்பித்தான். அவள் அது பாரம் என்றாள், சேற்றில் பிடிக்கிறது என்றாள். போட்டால்தான் போகலாம் என்றான்.

அடுத்த நாள் சப்பாத்தோடு போய்ப் பொழுதுபட வந்தாள். உதடு வெடித்திருந்தது. கண் சிவந்திருந்தது. வாசற்படியில் அப்படியே விழுந்தமாதிரி உட்கார்ந்தாள்.

“சப்பாத்தக் கழட்டு. காலக் கழுவிட்டு வா.”

“சோறாக்கணும். விடுங்க.”

“சோறு நான் ஆக்கிட்டேன். கழுவிட்டு வா.”

கழுவிக்கொண்டு வந்தாள். அவன் கதிரையில் இருந்தபடி விளக்குச் சுவிட்சைப் போட்டான். இருந்த காலின் முழங்காலைக் காட்டி, அதன்மேல் காலைத் தூக்கி வைக்கச் சொன்னான்.

“என்னாங்க இது? பொம்பளக் காலத் தொடுறீங்க. பாவம்ங்க, விடுங்க. யாராச்சும் பாத்தா…”

“பாத்தாப் பாக்கட்டும்.”

அவள் கூசிக் கூசிக் காலை வைத்தாள். அவன் அதை வெளிச்சத்துக்குத் திருப்பினான். குதியைப் பார்த்தான், வெடிப்புக்குள் விரலை ஓட்டினான். பெருவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாக விரித்து இடுக்கைப் பார்த்தான். உள்ளங்காலில் ஒரு இடத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அங்கே நகத்தால் அழுத்தினான்.

“ஆ! எரியுது,” என்று அவள் காலை இழுத்தாள்.

“எரியட்டும்,” என்றான். இழுத்த காலைத் திரும்பப் பிடித்துத் துணியால் ஈரம் ஒற்றினான். “மத்தக் காலக் குடு.”